கை நனைக்காமல் வாங்கிய வண்டிகள்

பழைய கார் யார்டில் கொள்முதலுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி முதலாளியின் மகன் போனில் கேட்டார். என்னோடு வேலை பார்த்த சலீம் பாயைக் கேட்கவில்லையா என்றேன். "அவருக்கு நேரம் இல்லியாம், ஏகாம்பரம் அண்ணே" என்றார். ஆக, முதலில் அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். அது தெரிந்த பிறகும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பழைய கார் வாங்கப் போகும்போது வண்டியில் எதை எதைப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கு இப்போது போனிலேயே வரிசையாக வந்துவிடுகிறது. அதை நான் சொல்லப்போவதில்லை. வண்டிக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்பாரே, அதை விற்கிறவர், அவரிடம் பேசுவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் இல்லை. கெட்டிக்காரர் ஒருவருக்குப் பக்கத்து நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்து வயிறு எரிந்தவன். வயிறு எரிகிறவன் உற்றுப் பார்க்கிற மாதிரி வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு தகுதிதான் எனக்கு.

எனக்குப் பயம் அதிகம். பிறவியிலேயே அப்படி. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் பையில் இருக்கிறதா என்று இறங்குகிற வரைக்கும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். இந்தத் தொழிலுக்கு அந்தப் பயம் நல்லது என்று நினைத்தேன். கைக்குட்டையில் சுற்றி ஒரு காந்தம் வைத்திருப்பேன். அடிபட்டுப் பட்டி பூசின இடத்தில் காந்தம் ஒட்டாது. தரையில் படுத்து அடியைப் பார்ப்பேன். மிதியடியைத் தூக்கி மோந்து பார்ப்பேன். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பாதி வழி வந்தவன், மறுபடி திரும்பிப் போய் இன்ஜின் நம்பரை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்ததும் உண்டு. விற்றவர் கதவைத் திறந்து, "இன்னா சார், மனசு மாறிட்டீங்களா?" என்று கேட்பார். இல்லை, சும்மா என்பேன்.

சலீம் பாய் பழவேற்காட்டுக்காரர். அவர்கள் வீட்டில் எல்லோரும் கடை கண்ணி வைத்திருந்தவர்கள். இவர் மட்டும் கார் பக்கம் வந்துவிட்டார். நானும் அவரும் ஒரே மாதத்தில்தான் மணவாள நகர் யார்டில் சேர்ந்தோம். அவரிடம் காந்தம் கிடையாது, டார்ச் கிடையாது. காலையில் போட்ட சட்டை சாயங்காலமும் அப்படியே இருக்கும். நான் ஆயில் கறையோடு திரும்பி வருவேன். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "பாய், நீங்க வண்டி வாங்கப் போனீங்களா, பொண்ணு பாக்கப் போனீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார். என்னைப் பார்த்து எதுவும் கேட்க மாட்டார்.

ஒரு தடவை மணவாள நகரிலேயே ஒரு வீடு. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர், தன் காரை விற்கவே மனசில்லாதவர் போல நின்றுகொண்டிருந்தார். வெள்ளம் வந்த வருஷத்துக்கு மறு வருஷம் அது. "ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல, மாடி மேலயே நிறுத்துன மாதிரி" என்றார். உள்ளே புது மேட் வாசனை. எனக்கு அந்த வாசனையே பயத்தைக் கொடுத்தது. பின் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். வழக்கமாக இழுக்கிற அளவுக்கு இல்லை, சுருளில் மிச்சமே இல்லாத வரைக்கும். கடைசி ஒரு சாண் பெல்ட்டில் செம்மண் கோடு. துவைக்கிறவர்கள் அதுவரைக்கும் இழுத்துத் துவைப்பதில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் பெல்ட்டை உள்ளே விட்டுவிட்டு, முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்த வண்டியை வாங்கியிருந்தால் யார்டு கெட்ட பேர் எடுத்திருக்கும்.

ஓடி வந்து முதலாளியிடம் சொன்னேன். "அப்டியா, சரி" என்றார். அதே நேரம் வெளியே ஹாரன் சத்தம். சலீம் பாய் ஒரு சிவப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முதலாளி எழுந்து போய்விட்டார். வாங்காத வண்டிக்கு யாரும் மாலை போடுவதில்லை. இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் மனசு கஷ்டப்படாது.

இந்தத் தொழிலில் எங்களுக்கு ஒரு கட்டு உண்டு. உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். விலை படிகிற வரைக்கும் விற்கிறவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். டீ, காபி, நாஷ்டா எதுவும் ஆகாது. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் மாதிரிதான். ஒரு வீட்டில் வாயில் ஒன்று போட்டுக்கொண்டால் அப்புறம் அவர்களிடம் கறாராகப் பேச நாக்கு வராது. நான் அந்தக் கட்டை ஒரு நாளும் மீறினதில்லை. விற்கிற வீட்டில் டீ வந்தால் சுகர் இருக்கிறது என்பேன், சுகர் இல்லாத டீ வந்தால் இப்போதுதான் குடித்தேன் என்பேன்.

சலீம் பாய் எல்லா வீட்டிலும் சாப்பிடுவார். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு நெல்லுக்காரர் வீட்டில் வண்டி பார்க்கப் போனவர் மத்தியானச் சாப்பாடு முடித்து, அவர்கள் கொடுத்த ஒரு பை வேர்க்கடலையோடு வந்தார். அந்தக் கடலையை யார்டில் எல்லோருக்கும் கொடுத்தார். நானும் தின்றேன். தின்றுகொண்டே, இந்த ஆள் நிச்சயம் விலையைக் கூட்டிக் கொடுத்திருப்பான் என்று நினைத்தேன். பார்த்தால் நான் கொடுத்திருக்கக்கூடிய விலையைவிடக் குறைச்சல். கையில் மிச்சம் இருந்த கடலையைத் திருப்பிப் பைக்குள் போட்டேன்.

இதெல்லாம் இருக்கும்போதுதான் கும்மிடிப்பூண்டி யார்டு வந்தது.

அங்கே கம்பெனிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஆட்களை ஏற்றி இறக்க வண்டி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஹைவேயை ஒட்டி ஒரு இடம் பிடித்து முதலாளி கொட்டகை போட்டார். அதற்குப் பொறுப்பாக ஒரு ஆளை உட்கார வைக்க வேண்டும். பொறுப்பு என்றால் கொள்முதல், விற்பனை இரண்டும் அவன் வார்த்தைதான். தனி அறை, தனி ஃபேன். "வெளியாள் வேணாம். ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்" என்றார் முதலாளி. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் வேண்டும். ஏழாவது படித்தவன் ஒரு ஆபீஸ் அறையில் உட்கார வேறு வழி ஏது?

அங்கே ஒரு கம்பெனிக்குச் சாப்பாடு சப்ளை செய்கிற கான்ட்ராக்டர், முதல் வாடிக்கையாளராக வந்து ஏழு சீட் டீசல் வண்டி ஒன்று கேட்டார். ஒரே ஓனர் ஓட்டினதாக இருக்க வேண்டும், வாரக் கடைசிக்குள் வேண்டும் என்றார். முதலாளி எங்கள் இருவரையும் பார்த்து, "மொதல் வண்டிய யாரு எடுத்தாறீங்கன்னு பாப்போம்" என்றார். விளையாட்டு மாதிரிதான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதிரி வண்டி ஒன்று இருப்பதாக எனக்குத்தான் முதலில் தகவல் வந்தது. கடலோரம் அனல்மின் நிலையங்களை ஒட்டின ஊர்களில் ஒன்று. பேர் எழுதவில்லை, அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். வண்டிக்காரர் பேர் தயாளன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியை அதிகாரிகளுக்கு வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். அந்த ஓட்டம் வேறு ஆளுக்குப் போய்விட்டது. இதை விற்றுவிட்டு மீன் ஏற்ற ஒரு சின்ன லோடு வண்டி வாங்கலாம் என்று இருந்தார்.

நான் போனபோது வெள்ளை வண்டி வாசலில் நின்றது. அப்போதுதான் கழுவியிருந்தார்கள். சக்கரத்தடியில் ஈரம் காயவில்லை. ஆனால் கூரையில் விரலை வைத்து இழுத்தால் விரல் நரைத்து வந்தது. அந்தப் பக்கத்து நிலக்கரிச் சாம்பல் உங்களுக்குத் தெரியும். வேஷ்டியை வெளியே காயப்போட யோசிப்பார்கள்.

வண்டி நல்ல வண்டி. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நல்ல வண்டியில் குறை கண்டுபிடிக்க முடியாவிட்டால் விலையைக் குறைக்க முடியாது. விலையைக் குறைக்காமல் வாங்கிப் போனால் சலீம் பாய் குறைத்திருப்பார் என்று சொல்வார்கள். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. அடியில் படுத்துப் பார்த்தேன், சுத்தம். எழுந்து தட்டிக்கொண்டு, விரலில் ஒட்டியிருந்த சாம்பலையே பிடித்துக்கொண்டேன்.

"பெயின்ட்லாம் சொரசொரன்னு கீது பாருங்க. சாம்பல் தின்னுகினே வந்துக்குது."

"இந்தப் பக்கம் எந்த வண்டியும் அப்டித்தான் சார் இருக்கும்" என்றார் தயாளன்.

"அதத்தான் சொல்றேன். இந்தப் பக்கத்து வண்டின்னாலே நாப்பதாயிரம் கழிச்சிட்டுத்தான் நாங்க பேச்சே ஆரம்பிப்போம்."

தயாளனின் மனைவி டீ கொண்டுவந்து நின்றார். நான் சுகர் என்றேன். அவர் டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எதுக்கு சார் நாப்பதாயிரம்?"

"சாம்பல் உள்ள போயிருக்கும்மா. ஏசி, ஃபில்டர் எல்லாத்துலயும். வெளிய பாத்தா தெரியாது."

"வண்டி வாங்கி எவ்ளோ வருசம் ஆச்சுன்னு போட்டுக்கினீங்க?"

"ஆறு வருசம்."

"நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்து பதினெட்டு வருசம் ஆவுது. எனக்கு எவ்ளோ கழிப்பீங்க?"

தயாளன் சிரித்துவிட்டார். அந்த அம்மாவின் முகத்திலும் ஒரு ஓரத்தில் சிரிப்பு இருந்தது. நான் அந்த இடத்தில் சிரித்திருக்க வேண்டும். டீயைக் கையில் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வாரக் கடைசி, கும்மிடிப்பூண்டி நாற்காலி, ஃபேன், எல்லாம் கண்ணுக்கு முன்னால் நின்றன. பேச்சு விலையை விட்டு விலகுகிறதே என்று பயந்தேன்.

"அது வேறம்மா. இப்ப நம்ம வண்டியப் பத்திப் பேசிகினு இருக்கோம்" என்றேன்.

சிரிப்பு நின்றது. அந்த அம்மா தம்ளரைப் பார்த்தார். "டீ ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீயிலிருந்து ஆவி வந்துகொண்டுதான் இருந்தது.

தயாளன் ஒரு துணியை எடுத்து வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நானே பத்தாயிரம் ஏற்றினேன், இன்னொரு பத்து ஏற்றினேன். "பாத்துச் சொல்றேன் சார்" என்றார். விற்கிறவர் பார்த்துச் சொல்கிறேன் என்றால் போ என்று அர்த்தம். அது உங்களுக்கும் சீக்கிரம் புரிந்துவிடும்.

யார்டுக்கு வந்து, அந்த ஆள் படியவில்லை, விலை ஜாஸ்தி சொல்கிறார், சாம்பல் வண்டி, விட்டுவிடலாம் என்றேன். முதலாளி யோசித்தார். "பாய், நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றார். நான் என் வாயாலேயே வழி சொன்னேன்.

சாயங்காலம் அந்த வெள்ளை வண்டி யார்டுக்குள் வந்தது. நான் கடைசியாக ஏற்றிச் சொன்ன விலையில் இல்லை. நான் முதலில் கேட்ட விலைக்கும் கீழே. முதலாளி மறு வாரமே சலீம் பாயைக் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பிவிட்டார்.

அவர் ஏதோ பொய் சொல்லித்தான் வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். பொய் இல்லாமல் அந்த வீட்டில் அந்த விலை நடக்காது. தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"பாய், இன்னா சொல்லிப் படிய வச்ச?"

"நான் இன்னாத்த சொன்னேன்? மீன் கொழம்பு வச்சிருந்தாங்க. சாப்டேன். அவ்ளோதான்."

மறைக்கிறார் என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் மணவாள நகரிலேயே இருந்தேன். முதலாளி என்னைக் குறை சொன்னதில்லை, சம்பளத்தையும் நிறுத்தினதில்லை. ஆனால் ஏதாவது வேலையாகக் கும்மிடிப்பூண்டி போக நேர்ந்தால் அந்த அறை வழியாகத்தான் போக வேண்டும். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் எழுந்து வந்து, "வா ஏகா, ஒக்காரு" என்று தன் நாற்காலியையே இழுத்துப் போடுவார். நான் நின்றுகொண்டே பேசிவிட்டு வருவேன். ஒரு மாதம் அங்கே விற்பனை படுத்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு வீட்டுக்கு அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிப் போனேன். என்ன விசேஷம் என்று என் மனைவி கற்பகம் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

போன வருஷம் கண் பார்வை மங்கி நான் வேலையை விட்டேன். அதோடு என் சொந்தக் காரையும் விற்க வேண்டியதாயிற்று. சின்ன வண்டி, நானே பார்த்துப் பார்த்து வாங்கினது. முதலாளியின் மகனிடம் சொன்னேன். "நாளைக்கு சலீம் பாய் அந்தப் பக்கம்தான் வர்றாரு, அவரே பாத்துடுவாரு" என்றார்.

அன்றைக்கு ராத்திரி நானும் கற்பகமும் விலை பேசி வைத்தோம். இந்த விலைக்கு ஒரு ரூபாய் குறையக் கூடாது. எனக்குப் பணம் பெரிதாகத் தோன்றவில்லை. இந்த ஆளிடம் ஒரே ஒரு தடவை நான் நினைத்த விலை நடக்க வேண்டும். அவர் என்னதான் செய்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிடலாம் என்றும் இருந்தது. காரைக் கழுவித் துடைத்து வைத்தேன். அவர் கிளட்ச்சைச் சொன்னால் என்ன பதில், பின் கதவைச் சொன்னால் என்ன பதில் என்று எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வந்தார். கற்பகத்தைப் பார்த்து, "இன்னாம்மா, ஏகா ஊட்லயே கீறாரு, பேஜாரு பண்றாரா?" என்றார். அவ்வளவுதான், கற்பகம் என்னைப் பற்றி இருக்கிறதையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று நான் மூன்று தரம் எழுந்து போவதைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இட்லி சாப்பிட்டார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை இல்லை. சட்னியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கை கழுவிக்கொண்டு காரிடம் வந்தார். ஒரு சுற்று சுற்றினார். கூரையில் கை வைத்தார்.

"நல்லா வச்சிக்கீற ஏகா."

நான் காத்திருந்தேன். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் போகிற ஒரு ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளட்ச்சைச் சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. என் பதில்கள் எல்லாம் வாய்க்குள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

"கிளட்ச் லேசா இழுக்கும்" என்றேன்.

"ம்."

"ரொம்ப இல்ல. ஏத்தத்துல மட்டும்."

"ம்."

"பின் கதவு ஒரு தபா இடிச்சி பட்டி பூசிக்குது. நான் வாங்குறதுக்கு முன்னாடியே."

"அப்டியா? தெரியவே இல்லியே."

தெரியவில்லை என்றார் பாருங்கள், அதோடு எனக்குத் தாங்கவில்லை. ஸ்டியரிங்கில் வருகிற சத்தத்தைச் சொன்னேன். மழையில் டிக்கியில் ஒழுகுவதைச் சொன்னேன். நாலாவது டயர் வேறு கம்பெனி என்றேன். அதை நானே மறந்துபோயிருந்தேன். கற்பகம் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நீயே சொல்லு. இன்னா போடலாம்?" என்றார்.

ராத்திரி பேசி வைத்த விலையை நான் சொல்லவில்லை. இவ்வளவு குறையையும் என் வாயால் சொல்லிவிட்டு அதை எப்படிச் சொல்வது? குறைத்துச் சொன்னேன். அவர் பேரம் பேசாமல் உடனே கை கொடுத்தார்.

கேட் வரைக்கும் கூடப் போனேன். இனி கேட்காவிட்டால் எப்போது என்று தோன்றியது.

"பாய், அன்னிக்கி அந்தச் சாம்பல் வண்டி ஊட்ல நெசமா இன்னா சொன்ன?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்துத்தான் ஞாபகத்துக்குக் கொண்டுவந்தார். எனக்கு ஒரு நாளும் மறக்காதது அவருக்கு யோசித்தால்தான் வருகிறது.

"நான் ஒண்ணும் சொல்லல ஏகா. அந்தம்மாதான் பேசிச்சு. எல்லாம் ஒன்னப் பத்தித்தான். நீ போய்க் கெளறி வுட்டுட்டு வந்துட்ட, அதுக்கு யார்கிட்டனா சொல்லி ஆவணும். நான் சாப்டுகினு கேட்டுகினு இருந்தேன். ஃபில்டர் மாசம் மாசம் மாத்துனது, கண்ணாடி தேஞ்சது, கதவு ரப்பர்லாம் பொடிப்பொடியா போனது, எல்லாத்தையும் அதுவே சொல்லிச்சு. வெள்ள வண்டி வாங்காதன்னு சொன்னேன், கேக்கலன்னு தயாளனயும் திட்டிச்சு. கடசில ஒண்ணு சொல்லிச்சு. 'அந்த ஆளு சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல பாய். ஆனா அத நாங்க சொல்லணும். அவரு சொல்லக் கூடாது'ன்னுச்சு."

நான் கேட் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தேன்.

"பாதி வேலய நீதான் முடிச்சி வச்சிருந்த" என்றார்.

"அத மொதலாளி கிட்ட சொன்னியா?"

"எத?"

"பாதி வேல நான்தான்னு."

"நீ கேக்கவே இல்லியே" என்று சொல்லிவிட்டு என் காரில் ஏறிப் போய்விட்டார். ஏற்றத்தில் கிளட்ச் இழுக்கிற சத்தம் கேட்டது. அப்படியானால் அந்தக் கும்மிடிப்பூண்டி நாற்காலியில் ஒரு காலாவது என்னுடையது. யாரிடம் போய்க் கேட்பது?

உள்ளே வந்தால் கற்பகம் அவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "தங்கமான மனுசன். ஒரு கொற சொன்னாரா பாரு" என்றாள்.

நீங்கள் காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். ஆனால் கண்டுபிடித்ததைப் பையில் போட்டுக்கொண்டு, அவர்கள் கொடுக்கிற டீயைக் கையில் வாங்குங்கள். தன் வண்டியின் குறையை விற்கிறவரே சொல்லட்டும். அது அவர் சொல்ல வேண்டியது.

அந்த அம்மா சொன்ன வார்த்தை சலீம் பாய்க்கு மீன் குழம்போடு கிடைத்தது. எனக்கு என் காரைக் கொடுத்த பிறகுதான் கிடைத்தது. உங்களுக்கு நான் சும்மா தருகிறேன். அதுவும் எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.